கைக்கு அடக்கமான துப்பாக்கி

சாலைக் கடைத்தெருவில் பூதலிங்கம் பிள்ளையைப் பற்றி விசாரித்தால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் பதில் சொல்வார்கள். அரிசி மொத்த வியாபாரம் அவருக்கு. லாரியிலிருந்து இறக்கும்போது எடைபோட்ட மூட்டையைக் குடோனுக்குள் போனதும் மறுபடி எடைபோடுவார். வழியில் சுமட்டுக்காரன் ஒரு கைப்பிடி அள்ளியிருந்தால்? டீ கொண்டுவருகிறவன் பாதி வழியில் ஒரு வாய் குடித்திருப்பானோ என்று கிளாஸ் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வியாபாரி என்றால் கொஞ்சம் சந்தேகம் வேண்டியதுதான். இவருக்கு மட்டும் ஆண்டவன் அளக்காமல் கொட்டிவிட்டான்.

அப்பேர்ப்பட்டவர் சந்தேகமே படாத ஒன்று உண்டென்றால் அது அவர் மனைவி நீலாம்பாளின் கைராசி. கடைக்கு முதல் தராசு வாங்கியபோது அவள்தான் தொட்டுக் கொடுத்தாள். குடோன் சாவி, வேன் சாவி, மகள் அஸ்வதியின் காலேஜ் அப்ளிகேஷன், எல்லாம் அவள் கை பட்டுத்தான் அவர் கைக்கு வரும். அவள் தொட்டு ஒன்றும் விளங்காமல் போனதில்லை என்பது அவருடைய கட்சி. விளங்காமல் போனதும் உண்டு. அதையெல்லாம் யார் கணக்கில் எழுதுவது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே துப்பாக்கி வாங்கக் கிளம்பிய அன்றும் நீலாம்பாளைக் கூட்டிக்கொண்டு போனார். சொந்தக் கார் வீட்டில் நின்றது. டிரைவர் வேவு பார்க்கிறானாம். ஆட்டோவில் போனார்கள்.

நீலாம்பாள் வழியெல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர் சிரிக்கிற சந்தேகம் இந்த ஒரு வருஷத்தில் சிரிக்க முடியாத சந்தேகமாக மாறியிருந்ததை அவள் ஒருத்திதான் பக்கத்திலிருந்து பார்த்தவள். இருபது வருஷம் கணக்கு எழுதிய பத்மகுமாரை, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான் என்பதற்காக வீட்டுக்கு அனுப்பினார். "தூரத்துல இருந்து என் பெட்டியப் பாக்கதுக்குப் போட்டிருக்கான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிற சொந்தத் தம்பி ஞானசிகாமணியை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார். சில நாள் காலையில் எழுந்து அலமாரி, மொட்டைமாடித் தட்டட்டி, குடோன் என்று எதையோ தேடிக்கொண்டு அலைவார். என்னவென்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்த காரணம், கடைப்பணத்தைப் பாங்குக்குக் கொண்டுபோகிறேன் என்பது. போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்து விசாரித்த அன்று மனுஷர் என்ன தெளிவாகப் பேசினார்! டாக்டரும் இரண்டு நிமிஷம் பேசிவிட்டுச் சர்டிபிகேட் கொடுத்துவிட்டார். வெளி ஆள் முன்னால் பழைய பூதலிங்கம் எங்கிருந்தோ எழுந்து வந்துவிடுவார். பங்களூரிலிருந்து அஸ்வதி போன் பண்ணும்போதும் நீலாம்பாள், "அப்பாக்கு ஒண்ணுமில்ல மக்களே, கொஞ்சம் அசதி" என்றே சொல்லி வந்தாள். கௌரவமாக வாழ்ந்த மனுஷரைப் பற்றி வேறு எப்படிச் சொல்வது?

ஆனால் ஒன்று அவளுக்குத் தெரியும். பாங்குக்குக் கொண்டுபோகப் பணமே கிடையாது. வாங்குகிறவர்கள் எல்லோரும் போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள். பெட்டியில் கிடப்பது சில்லறை. அப்படியானால் இந்தத் துப்பாக்கி யாருக்கு? தம்பிக்கா? பத்மகுமாருக்கா? அந்தக் கேள்விதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

கடை பாளையம் பக்கம் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. கடைக்காரர் பினு நாற்பது வயசுக்காரர், அடங்கிய குரல், மலையாளம் கலந்த தமிழ். பேப்பர்களை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சிக்கு எது வேணும்? இடுப்பில வச்சு நடக்கதுக்கா, அலமாரியில வச்சிருக்கதுக்கா?" என்று கேட்டார்.

"வீட்டுக்குள்ள," என்றார் பூதலிங்கம்.

பினு பேப்பரை மறுபடி பார்த்தார். "இதில பாங்குக்குப் போறதுக்குன்னு அல்லே இருக்கு?"

"பாங்குக்கும்தான்."

"எத்ர தூரம் வச்சு உபயோகிக்கணும்?"

"கிட்ட. கை நீட்டினா தொடுற தூரம்."

நீலாம்பாள் நிமிர்ந்து கணவன் முகத்தைப் பார்த்தாள். அரிசி விலை சொல்கிற முகம்தான் அது. வேறொன்றும் தெரியவில்லை.

பினு முதலில் ஒரு பிஸ்டலை எடுத்து, உள்ளே குண்டு இல்லை என்று திறந்து காட்டிவிட்டு வைத்தார். தட்டையாக இருந்தது. சட்டைக்குள் போனால் வெளியே தெரியாது. மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் குண்டு ஏறும் என்று செய்து காட்டினார். பூதலிங்கம் இழுத்தார். வாதம் பிடித்த கட்டைவிரல் வழுக்கியது. பினு மறுபடி காட்டினார். இழுக்க வேண்டும், விட வேண்டும், பக்கத்திலுள்ள சின்னத் தாழ்ப்பாளைத் தள்ள வேண்டும். மூன்றே காரியம். பூதலிங்கம் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு இழுத்தார், அடுத்த முறை இழுத்ததை மறந்து தாழ்ப்பாளைத் தேடினார். நாலாவது முறை துப்பாக்கியைக் கண்ணாடி மேஜைமேல் டொக்கென்று வைத்தார்.

"இது முதல்ல காட்டின சாமான் இல்ல."

"அது தன்னே, அண்ணாச்சி."

"எங்கிட்டயா? நான் மூட்டையக் கையால தூக்கிப் பாத்தே கிலோ சொல்லுதவன். நான் கண்ணாடியத் துடைக்கதுக்குள்ள மாத்திட்டேரு."

பினு கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நீலாம்பாளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஒரு நொடி பூதலிங்கத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவமானத்தில் காது சுட்டது.

"விரல் வயசான விரல். அதுக்கு ரிவால்வர்தான் கொள்ளாம்," என்று பினு பேச்சை மாற்றி வேறொன்றை எடுத்தார். நீளக் குழல். பூதலிங்கம் அதை இடுப்பில் செருகிப் பார்த்தார். சட்டைக்கு மேல் கத்தரிக்காய் போலத் துருத்தியது. "இது ஊருக்கெல்லாம் தெரியும். சின்னது வேணும்." ஆனாலும் அவள் பக்கம் நகர்த்தினார். "நீலா, நீ தொட்டுப் பாரு."

"ஐயோ, லைசென்ஸ் சாரோட பேரில அல்லே? வேற ஆள் கையில கொடுக்கப் பாடில்ல," என்றார் பினு.

"தொட்டாப் போதும் ஓய். வாங்கதுக்கு முந்தி அவ கை படணும். எங்க வழக்கம்."

பினு சங்கடத்தோடு, காலித் துப்பாக்கியை மேஜைமேல் தன் கையாலேயே பிடித்துக்கொண்டார். நீலாம்பாள் இரண்டு விரலால் தொட்டாள். அவளுக்கு அப்போதுதான் யோசனை வந்தது. உலகத்தில் யார் சொல்லியும் கேட்காத மனுஷர் இந்தக் கை சொன்னால் கேட்பாரே!

"ஒப்பல," என்று கையை எடுத்தாள். "மனசு சரியாவல. இன்னொரு நாள் பாப்போம்."

பூதலிங்கம் தலையாட்டினார். ஆனால் வீட்டுக்குப் போகலாம் என்கிற தலையாட்டல் இல்லை அது. "அப்போ வேற எடும்," என்றார். அடுத்ததைத் தொட்டதும் அவள், "இதுவும் ஒப்பல" என்றாள். அவர் மெல்லத் திரும்பி அவள் கண்ணுக்குள் பார்த்தார். வருஷக்கணக்கில் டீ கிளாஸைப் பார்த்த அதே பார்வை. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பார்வை அவள்மேல் விழுந்ததில்லை.

"ரெண்டுக்கும் ஒப்பல. ஒனக்கு யாரும் ஏதும் சொல்லித் தந்தாவளா?"

"என்னத்தச் சொல்லித் தர?"

"இல்ல, கேட்டேன்."

அதற்கப்புறம் அவர் அவளைத் தொடச் சொல்லவில்லை.

மூன்றாவதாக வந்தது உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற குட்டி ரிவால்வர். பூதலிங்கம் எடுத்ததுமே அது அவர் கையோடு ஒட்டிக்கொண்டது. சுட்டுவிரல் சிரமமில்லாமல் விசைக் குதிரையைத் தொட்டது. இழுக்க ஒன்றுமில்லை, தள்ள ஒன்றுமில்லை. மறந்துபோக ஒன்றுமே இல்லாத துப்பாக்கி. மறக்கிறவனுக்கென்றே எவனோ செய்துவைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள் நீலாம்பாள்.

"சின்னது கூடுதல் உதைக்கும்," என்று பினு சொன்னார். "பின்னே இதில தாழ்ப்பாள் கிடையாது. விரல் அமுக்கினா வெடிக்கும். எதிரில நிக்கது ஆருன்னு நமக்கு நல்ல நிச்சயம் வேணும், அண்ணாச்சி."

"ஆருன்னு எனக்குத் தெரியும்," என்றார் பூதலிங்கம்.

பினு ரிவால்வரை வாங்கிக்கொண்டு, லைசென்ஸ் நம்பரைப் பதிய மேஜையின் மறுகோடியில் இருந்த கம்ப்யூட்டருக்குப் போனார். பூதலிங்கம் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பாவி மனசு, அந்த நேரத்திலும் அவளுக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

அவள் நாற்காலியை நெருக்கிப் போட்டாள். "எங்கிட்டயாவது சொல்லுங்க. யாரை நெனச்சு இதை வாங்குதீங்க? தம்பியவா?"

"சேச்சே. சிகாமணியா? அவன் எறும்புக்கு வழிவிட்டு நடக்கவன்."

"பின்ன?"

அவர் பினுவின் முதுகைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒனக்குச் சொன்னா பயப்படுவ. நம்ம வீட்டுல ஒருத்தி இருக்கா."

"எவ?"

"காலம்பற எனக்குக் காப்பி கொண்டு வருவா. ஒன் சேலையத்தான் கட்டியிருப்பா. ஒன்ன மாதிரியே நடப்பா. ஒன் குரல்லயே, 'ஆறிப்போவும், குடிங்க'ம்பா. மூக்குத்திகூட அதேதான். எங்க இருந்து படிச்சாளோ! ஆனா அது நீ இல்ல, நீலா. முப்பத்திநாலு வருஷம் ஒங்கூட இருந்தவனுக்குத் தெரியாதா?"

நீலாம்பாளின் கை தன் மூக்குத்திக்குப் போனது.

"அவ வந்தா நீ காணாமப் போற. ஒன்ன எங்க கொண்டு அடைக்காளோன்னு நானும் தேடாத இடமில்ல. குடோன்ல மூட்டையெல்லாம் பெறட்டிப் பாத்தாச்சு. அவ போனாத்தான் நீ வாற, இன்னைக்கு வந்திருக்கது மாதிரி." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இனி பயப்படாத. ஒரு காலம்பற போதும். முடிச்சிருவேன்."

கை சூடாக, பிரியமாக இருந்தது. இந்த மனுஷர் ஒரு நாளும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. இத்தனை நாளும் இவர் அலமாரியிலும் தட்டட்டியிலும் தேடியது அவளைத்தான். தன்னைக் காப்பாற்றத்தான் தன்னைக் கொல்லப் பார்க்கிறார். நினைக்க நினைக்கப் பயம் ஒரு பக்கமும், அவரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்கிற ஆசை ஒரு பக்கமுமாக அவளை இழுத்தது.

கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தம் நின்றது. பினு ரிவால்வரோடு திரும்பி வந்தார். இப்போது வாயைத் திறந்தால் பொழுது சாய்வதற்குள் சாலைக் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும். பூதலிங்கம் பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நாலு கடைக்காரன் தெருவில் நின்று பேசுவான். வாயைத் திறக்காவிட்டால் நாளைக் காலைக் காப்பி இருக்கிறது. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். கொலைகாரர் என்கிற பேரோடு இந்த மனுஷர் சாகக் கூடாது. அவள் எழுந்து நின்றாள்.

"தம்பி, அதைக் கொடுக்காதீங்க. இவருக்குச் சொகமில்ல. மனசுக்குச் சொகமில்ல. லைசென்ஸ் கொடுத்தவங்களுக்கும் நானே எழுதிக் கொடுக்கேன்."

பினு கேள்வியே கேட்கவில்லை. காத்திருந்தவர்போல ரிவால்வரை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

பூதலிங்கம் பூட்டைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. பிடித்திருந்த கையை விட்டுவிட்டு ஓரடி பின்னால் போனார். பிறகு மிகுந்த மரியாதையோடு பினுவிடம் கேட்டார்:

"என் வீட்டுக்காரி இப்ப இங்கதானே இருந்தா? எங்க போனா?"

பினு நீலாம்பாளைப் பார்த்தார். 'நான்தாங்க நீலா' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது அவளுக்கு. சொல்லி என்ன ஆகப்போகிறது? காலையில் வருகிறவளும் அதைத்தானே சொல்லியிருப்பாள்.

"கீழ ஆட்டோ நிக்கு. வீட்டுக்குப் போலாம், வாங்க. அங்க இருப்பா," என்றாள்.

"நீ முன்னால நட."

படியில் அவள் கையைக் கொடுத்தபோது தொடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, அவள் முதுகைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தபடி இறங்கினார். தெருவில் ஆட்டோ பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். டிரைவர் காதில் விழாமல், வாழ்நாளில் யாரிடமும் கேட்டிராத தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இஞ்ச பாரு. அவள ஒண்ணும் செஞ்சிராத. கடைய எடுத்துக்கோ. வீட்ட வேணும்னாலும் எழுதித் தாரேன். அவளுக்கு முட்டு வலி உண்டு, தரையில உக்கார வச்சிராத. நேரத்துக்கு ஒரு வாய் சோறு கொடு. கோவம் வந்தா பட்டினி கெடப்பா, நீதான் வற்புறுத்திக் கொடுக்கணும்."

ஒரு கைப்பிடி அரிசிக்கு மூட்டையை மறுபடி எடைபோட்ட மனுஷர். நீலாம்பாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவளால் பேச முடிகிற வரைக்கும் அவர் கைகூப்பியபடியே நின்றார்.

"ஒண்ணும் செய்யல. பத்திரமாத்தான் வச்சிருக்கேன்," என்றாள்.

அவர் அவள் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு அவள் சொன்னதை நம்பி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.