நார்மனுக்கு மேலே தோண்டாதீர்கள்

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. அது மதில் சுவரைத் தாண்டி வந்தது. குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு லொரேன் நின்று, "எங்க வீட்டு கேஸ் குழாயை மண்ணைத் தோண்டாமலே அடைச்சுட்டாங்க, தெரியுமா?" என்றாள்.

அட, நல்ல விஷயமாக இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை மலருக்கு ஒரு சின்னக் கட்டுரை தேறும் என்று நினைத்தேன். அறிவியல், கொஞ்சம் நகைச்சுவை, கடைசியில் ஒரு பெருமூச்சு. பிறகுதான் அவள் அந்த மண்ணுக்குள் யார் இருக்கிறார்கள் என்று சொன்னாள். கட்டுரை அங்கேயே செத்தது.

2

தொடக்கங்கள், முயன்று பார்த்தவை:

"யார்க்‌ஷயர் மலைச்சரிவில் பனி உறைந்த ஒரு பிப்ரவரிக் காலையில்—" வேண்டாம். காலண்டர் படம் மாதிரி இருக்கிறது.

"எரிவாயு என்பது கண்ணுக்குப் புலப்படாத—" ஐயையோ. எட்டாம் வகுப்பு.

"லொரேன் மூன்று மாதமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்." இது பரவாயில்லை. ஆனால் லொரேனே இதைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். என்ன பொய், யாரிடம் என்று உடனே சொல்லிவிட்டால் அவளுக்கும் மரியாதை, உங்களுக்கும் குழப்பமில்லை.

3

லொரேனும் ஜெஃபும் விவாகரத்து செய்துகொண்டபோது வீட்டுக்கும் காருக்கும் வக்கீல் தேவைப்படவில்லை. நார்மனுக்குத்தான் தேவைப்பட்டார். நார்மன் ஒரு ஆமை. ஜெஃபுக்கு ஏழு வயதில் கிடைத்தது, இன்றைக்கு ஜெஃபுக்கு அறுபத்தொன்று. கோடை முழுக்க நார்மன் ஜெஃபோடு அவன் அக்கா வீட்டுப் புல்வெளியில் இருப்பான், குளிர்காலம் முழுக்க லொரேன் வீட்டில். ஏனென்றால் நார்மனின் பிரிட்ஜ் லொரேன் வீட்டு நிலவறையில் இருந்தது.

ஆமாம், பிரிட்ஜ்தான். இங்கிலாந்தில் ஆமை வளர்ப்பவர்கள் குளிர்காலத் தூக்கத்துக்கு அதை அப்படித்தான் வைப்பார்கள். காகிதச் சுருள் நிரப்பிய பெட்டி, ஐந்து டிகிரி குளிர், தினம் ஒருமுறை கதவைத் திறந்து கொஞ்சம் காற்று. நான் முதன்முதலில் பார்த்தபோது அவர்கள் ஆமையைச் சமைக்கப் போகிறார்களோ என்று பயந்தேன். இப்போது பழகிவிட்டது.

போன அக்டோபர் கடைசியில் நல்ல வெயில். பாவம், இன்னும் ஒருநாள் அனுபவிக்கட்டுமே என்று லொரேன் நார்மனை முன்தோட்டத்தில் விட்டாள். உள்ளே போன் அடித்தது. போய்ப் பேசிவிட்டு வந்தாள். நார்மன் இல்லை. ரோஜாச்செடிக்கும் வாசல் கேட்டுக்கும் நடுவே இலைக்குவியல் மட்டும் கலைந்திருந்தது. ஆள் தானாகவே மண்ணுக்குள் இறங்கிவிட்டான்.

தோண்டிப் பார்க்கலாம் என்று மண்வெட்டியை எடுத்தாள். எங்கே வெட்டுவது? அவன் மேலேயே பட்டுவிட்டால்? மண்வெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள்.

இங்கே ஜெஃபைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாணமான நாளிலிருந்து பிரிந்த நாள் வரை அவன் அவளிடம் கேட்டதெல்லாம், "அடுப்பை அணைச்சியா? கதவைப் பூட்டினியா? நிஜமாவா?" என்பதுதான். இதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் அவனை வீட்டைவிட்டு அனுப்பினாள். அப்படிப்பட்டவனிடம் போய், உன் ஐம்பத்து நாலு வருஷத் தோழனைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்ல முடியுமா? நார்மன் செத்துப்போனால், ஜெஃப் இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் சரி என்றாகிவிடும். அதை அவளால் தாங்க முடியாது. என்னிடம் அவள் சொன்னது இதே வார்த்தைகளில்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜெஃப் போன் செய்வான். "எத்தனை டிகிரி இருக்கு?"

"இரு, பாத்துட்டு வரேன்." லொரேன் நிலவறைக்கு இறங்கிப் போய், வெறும் பிரிட்ஜைத் திறந்து, வெப்பமானியைப் பார்த்துவிட்டு வருவாள். "அஞ்சு."

அந்தக் காலி பிரிட்ஜை மூன்று மாதமாக மின்சாரம் கொடுத்து ஓட்டியிருக்கிறாள், வாயில் வருகிற எண்ணாவது நிஜமாக இருக்கட்டும் என்று. பொய்யிலும் இவ்வளவு ஒழுக்கம் பார்க்கிற ஜனங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

4

பிப்ரவரியில் தபால் கொடுக்க வந்த பெண், "லொரேன், உங்க வாசல்ல கேஸ் நாத்தம் அடிக்குது" என்றாள். லொரேன் அவசர எண்ணுக்கு அழைத்தாள். வேனில் டேல் வந்து இறங்கினான். முப்பது வயது, சிவந்த தாடி.

"மீட்டர் எங்க கண்ணு?"*

"மீட்டரே கிடையாது. போன வருஷமே கழட்டிட்டாங்க. இப்ப அடுப்பு, ஹீட்டர் எல்லாமே கரண்டு."

"மீட்டர் போயிடுச்சு, குழாய் போகலையே. ரோட்டுல பெரிய குழாய் போகுதுல்ல, அதுலேர்ந்து உங்க வாசப்படி தாண்டி வீட்டுக்குள்ள வரைக்கும் ஒரு குழாய் மண்ணுக்குள்ள இருக்கு. பழைய இரும்பு. உள்ள கேஸ் நின்னுட்டேதான் இருக்கும். எங்கயோ துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருக்கு."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"தோண்டணும். மெஷினுக்குச் சொல்லிட்டேன், வந்துடுவாங்க. அதுக்குள்ள எங்க கசியுதுன்னு பாத்துடறேன்."

வேனிலிருந்து நீண்ட இரும்புக் கம்பி ஒன்றை எடுத்தான். கூர் முனை. மண்ணில் அதைக் குத்தித் துளை போட்டு, துளைக்குள் வாயுமானியை விட்டுப் பார்ப்பது அவன் வேலையின் முதல் படி.

வாசற்படிப் பக்கம் முதல் துளை. சதக். லொரேன் வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து வந்தது: "டீ போடட்டுமா?"

"ரெண்டு சர்க்கரை, கண்ணு."

டீ வந்தது. டேல் குடித்தான். கோப்பையை மதில்மேல் வைத்தான். கம்பியை எடுத்து இரண்டடி தள்ளி, ரோஜாவை நோக்கி, இரண்டாவது துளை. சதக்.

"பிஸ்கட் இருக்கு, கொண்டு வரவா?" என்றாள் லொரேன்.

[இங்கே வாசகர் கோபப்படுவார் என்று தெரியும். நானும் கோபப்பட்டேன். "சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" என்று அவளிடமே கத்தினேன். "வேலை செய்யற மனுஷனைத் தொந்தரவு பண்றது எப்படி?" என்றாள். நம் தெருவாக இருந்தால் வேன் நிற்பதற்குள் எதிர்வீட்டு மாடியிலிருந்தே நாலு பேர் கத்தியிருப்பார்கள், தம்பி அங்க குத்தாதே என்று. இங்கே ஒரு உயிர் போகிற நேரத்திலும் பிஸ்கட் கொடுக்கிறார்கள்.]

மூன்றாவது துளைக்கு டேல் இலைக்குவியலின் மேலேயே போய் நின்றான். கம்பியை ஓங்கினான்.

"குத்தாதீங்க! கீழ ஒருத்தர் படுத்திருக்காரு!"

டேல் கம்பியை மெதுவாக இறக்கினான். இலைக்குவியலைப் பார்த்தான். வீட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"உங்க வீட்டுக்காரரு எங்க இருக்காரு?"

"அவரு அவங்க அக்கா வீட்டுல."

"சமீபத்துல யாராவது அவரைப் பாத்தாங்களா?"

"அட, ஜெஃப் இல்லப்பா! நார்மன். நார்மன் ஒரு ஆமை!" என்று சொல்லிவிட்டு லொரேன் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். அக்டோபர் வெயில், போன், வெறும் பிரிட்ஜ், ஐந்து டிகிரி எல்லாம் அந்த அந்நியனிடம் கொட்டினாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒருத்தரிடம் உண்மையைச் சொன்னாள்.

* இந்த ஊரில் பஸ் ஓட்டுநர், மீன் கடைக்காரர் எல்லாரும் அறுபது வயதுப் பெண்ணையும் கண்ணே, அன்பே என்கிற மாதிரிதான் கூப்பிடுகிறார்கள். "அம்மா" என்று எழுதிப் பார்த்தேன். டேலின் வாயில் ஒட்டவில்லை.

5

டேல் மேல் எனக்கு ஒரு சந்தேகம். அடுத்து அவன் செய்தது கதைக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது. யாரோ ஒருத்தி வீட்டு ஆமைக்காக, கூப்பிட்ட மெஷினை நிறுத்தி வைத்து, வேறு வழி பார்ப்பானா? நல்லவனாக இருப்பது நம்பும்படியாக இல்லை என்று லொரேனிடம் சொன்னேன்.

"நல்லவனா? நடைபாதையை உடைச்சா திரும்பப் பூசணும், அந்தக் குளிர்ல. அவனுக்கு அது பிடிக்கலை. ஆமை ஒரு சாக்கு" என்றாள். சரி, இப்போது நம்புகிறேன்.

"இங்க பாரு கண்ணு, உனக்கு கேஸ் இனிமே வேணாம்ல?"

"வேணவே வேணாம்."

"அப்ப குழாயை வெட்டி எடுக்கணும்னு இல்லை. வீட்டுக்குள்ளயிருந்தே அடைச்சுப் பாக்கலாம். உள்ள வளைவு சரியா இருந்தா போகும். போகலைன்னா என்னைத் திட்டக் கூடாது. இன்னிக்கே அடைச்சாகணும், மெஷின் தோண்டத்தான் தோண்டும்."

மாடிப்படிக்குக் கீழே, பழைய மீட்டர் இருந்த அலமாரியில் குழாயின் முனை மூடியோடு நின்றது. டேல் அதில் ரப்பர் வளையம் வைத்த, கழுத்து மாதிரியான ஒரு இணைப்பைப் பொருத்தினான். எதையும் உள்ளே விடலாம், வாயு வெளியே வராது. அதன் வழியாக விரல் தடிமனில் வளையக்கூடிய நீளக் குழல் ஒன்றை உள்ளே தள்ளினான். குழல் நுனியில் சுருட்டிய சின்னப் பை. வீட்டிலிருந்து, ரோஜாவுக்குக் கீழே, நார்மனுக்குக் கீழே அல்லது பக்கத்தில், தெருவில் பெரிய குழாய் வரைக்கும் அது போய்ச் சேர வேண்டும்.

வெளியே மெஷின் வந்து நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்து, "ஆரம்பிக்கலாமா?" என்று கத்தினான்.

"கொஞ்சம் இருடா!" என்றான் டேல். குழல் நின்றுவிட்டது.

தள்ளினான். நகரவில்லை. வெளியே இழுத்துத் திரும்பத் தள்ளினான். அதே இடம். லொரேன் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெஃபிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் கோக்க ஆரம்பித்திருந்தாள். ஜெஃப், நான் ஒண்ணு சொல்லணும், நீ உக்காந்துக்கோ, நார்மன்—

"வளைவு" என்றான் டேல். குழலை இடப்பக்கமாகத் திருகினான். கொஞ்சம் வலப்பக்கம். கண்ணை மூடிக்கொண்டு, பூட்டில் சாவி தேடுகிறவனைப் போல, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.

போய்விட்டது! வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. குழலில் போட்டிருந்த அளவுக் கோட்டைப் பார்த்து டேல் நிறுத்தினான். பையை ஊதினான். தெருப்பக்கம் அடைந்தது. அதன் பிறகு குழாய் முழுக்க நுரைக்கும் பிசினை ஏற்றினான். அது பொங்கி, நிரம்பி, இறுகும் வரை இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள். பிறகு அழுத்தமானியை மாட்டினான். முள் அசையவில்லை.

டேல் வெளியே வந்து, போட்ட துளைகளில் வாயுமானியை வைத்தான். வாசற்படிப் பக்கம் இருந்த எண் இறங்கிக்கொண்டே வந்தது. கசிவு அங்கேதான் இருந்திருக்கிறது. இலைக்குவியல் மேல் மெதுவாகக் குனிந்து, குத்தாமல், மண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தான்.

"இங்க கேஸே வரலை கண்ணு. சுத்தமா இருக்கு. உன் ஆளு நல்ல இடமாத்தான் பாத்துப் படுத்திருக்கான்."

மெஷின் திரும்பிப் போனது. அதன் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகுதான் லொரேனுக்கு மூச்சே வந்தது.

6

முடிவுகள், முயன்று பார்த்தவை:

(அ) ஏப்ரலில் இலைக்குவியல் அசைகிறது. ஒரு மூக்கு— எனக்கே இது ஆசைதான். ஆனால் ஆசைப்படுகிறேன் என்பதாலேயே எழுதிவிடக்கூடாது.

(ஆ) ஏப்ரலில் எதுவும் அசையவில்லை. மே மாதத்தில் ஜெஃப் மண்வெட்டியை— இல்லை, மாட்டேன். பக்கத்து வீட்டில் குடியிருக்கிறேன், நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டும்.

(இ) நடந்தது:

டேல் போனதும் லொரேன் ஜெஃபுக்குத் தானே போன் செய்தாள். செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை அவள் கூப்பிட்டதே இல்லை என்பதால் எடுத்ததும், "என்ன ஆச்சு?" என்றான்.

"நார்மன் பிரிட்ஜ்ல இல்லை. அக்டோபர்ல இருந்தே இல்லை. முன்தோட்டத்துல மண்ணுக்குள்ள போயிட்டான். நான் பொய் சொன்னேன்."

மறுமுனையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது.

"தோண்டிப் பாத்தியா?" என்று கேட்டான் ஜெஃப்.

"இல்லை."

"தோண்டிடாத."

"மாட்டேன். நிஜமா."

நிஜமாவா என்று அவன் கேட்கவில்லை. அவள் காத்திருந்தாள். அவன் கேட்கவே இல்லை. "நாளைக்கு வரேன், காஞ்ச இலை ஒரு மூட்டை கொண்டு வரேன். உறைபனி இன்னும் முடியலை, மேல போர்த்தணும்" என்றான்.

7

இதை எழுதுகிற இன்றைக்கும் பிப்ரவரிதான். நார்மன் உயிரோடு இருக்கிறானா என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்துகொண்டு மறைக்கிற ஜாலமெல்லாம் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், ஜெஃப் முழங்காலிட்டு இலை பரப்புகிறான். பத்தடி தள்ளி லொரேன் இரண்டு கோப்பைகளோடு நிற்கிறாள். முகம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கிறது.

முதல் ஐந்து பகுதிகளைக் காலையில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "முடிவு என்ன எழுதப்போற?" என்று கேட்டாள்.

"உனக்கு என்ன வேணும்?"

"உயிரோட இருக்கான்னும் எழுதாத, செத்துட்டான்னும் எழுதாத. எதுன்னாலும் ஜெஃபும் நானும் சேர்ந்தே பாத்துக்கறோம்" என்றாள்.

ஆகவே என் வேலை முடிந்தது. நீங்கள் இதைப் படிக்கும்போது எப்படியும் ஏப்ரல் தாண்டியிருக்கும். அந்த மண் அசைந்ததா இல்லையா என்று உங்களுக்கு ஒன்று தோன்றும். தோன்றியதை வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் இந்தக் கதையின் முடிவு. எங்களிடம் மட்டும் சொல்லாதீர்கள். நாங்கள் இங்கே இன்னும் வெயிலுக்காகக் காத்திருக்கிறோம்.