வரிசையில் முதல் இடம்

என் வீட்டுக்காரர் அருள்மொழி எந்த வரிசையிலும் முதல் நாற்காலியில் உட்கார மாட்டார். கல்யாண வீடோ கட்சி மேடையோ, ஒரு நாற்காலி விட்டுத்தான் உட்காருவார். என்ன அடக்கம் என்று ஊரே மெச்சியது. அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது. அந்த நாற்காலியில் ஆள் இருக்கிறது என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

மரக்காணத்தில் இவர் அப்பா விட்டுப்போன உப்பளம் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிறது. பாத்தியில் கால் வைக்காமலே முதலாளி ஆனார். அந்தப் பெயரை வைத்து ஒன்றியத் தலைவர் ஆனார். வாழ்நாளில் கபடி பாடி ஒரு ரெய்டு போகாதவர், மாவட்டக் கபடிக் கழகத்துக்கும் தலைவர். பழைய பாத்தி ஒன்றைத் தூர்த்து மைதானம் போட்டு, சொந்தமாக ஓர் அணியும் வைத்தார். அதில் நட்சத்திர ஆட்டக்காரன் பாஸ்கல், மீனவக் குப்பத்துப் பிள்ளை.

கபடியில் அவுட் ஆனவர்கள் கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார வேண்டும். எதிரணியில் ஒருவன் அவுட் ஆனால், வரிசையின் முதல் ஆள் மறுபடி உள்ளே போவான். அவுட் ஆனவனுக்குப் பதில் வேறு ஆளை இறக்க முடியாது. போன வருஷ ஃபைனலில் பாஸ்கல் அப்படி முதல் ஆளாக உட்கார்ந்திருந்தான். நெஞ்சை அடைக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று இவரிடம் சொன்னான்.

"அடுத்து நீதாம்பா உள்ள போகணும். கொஞ்சம் உக்காரு" என்றார் இவர்.

நடுவர் கூப்பிட்டபோது பாஸ்கல் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே உயிர் போயிருந்தது. சாவதற்கு முன் அவன் ஒன்றுமே சொல்லவில்லை என்று அவன் அம்மா ஜோசப்பின் அக்காவிடம் இவர் சாதித்துவிட்டார்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும். இவருக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. போகிற இடமெல்லாம் அவன் முதல் நாற்காலியில் காத்துக்கொண்டிருந்தான். "அந்த அக்காகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க" என்றேன். "எலெக்‌ஷன் முடியட்டும் சரண்யா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த வருஷ ஃபைனலுக்குக் கட்சித் தலைவரே வந்தார். ஆட்டம் முடிந்ததும் இவரை வேட்பாளராக அறிவிப்பதாக ஏற்பாடு. அதற்காகத்தான் வருஷக்கணக்கில் நாயாய் அலைந்தார். "இன்னிக்கு ஒரு நாள் அந்த முதல் இடத்தைப் பாக்காதீங்க" என்று சொல்லித்தான் மேடைக்கு அனுப்பினேன்.

எங்கள் அணியில் முதலில் அவுட் ஆனவன் சரத்குமார். ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான். பாஸ்கல் போனதிலிருந்து பசங்கள் எல்லாருமே அப்படித்தான், யாரும் சொல்லித் தரவில்லை. பின்னால் கயிற்றை ஒட்டி ஜோசப்பின் அக்கா. மகன் ஆடிய காலத்திலும் அவளுக்கு அதே இடம்தான்.

எதிரணியில் ஒருவன் அவுட் ஆனான். நடுவர் கையசைத்து உள்ளே அழைத்தார். சரத்குமார் எழவில்லை. முதலில் இருப்பவன் போகட்டும் என்பதுபோல் பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தான்.

இவர் எழுந்து மைக்கைப் பிடுங்கினார். "பாஸ்கல், உள்ள வாப்பா."

யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டு இறங்கிப் போய் ஜோசப்பின் அக்கா முன்னால் நின்றார். மைக் கையிலேயே இருந்தது.

"அம்மா, அவன் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொன்னான். நான்தான் உக்கார வச்சேன்."

தலைவரின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. இவருடைய சீட்டும் அதிலேயே போனது. சத்தியமாக எனக்கு வருத்தமில்லை, மூச்சு விட முடிந்தது. அக்கா ஓர் அறை விடட்டும் என்றுகூட நினைத்தேன்.

அவள் மைக்கைக் கையால் கீழே தள்ளினாள்.

"தெரியும்ங்க. உங்ககிட்ட சொல்லிட்டு என்கிட்டதான் திரும்பினான். முடியலம்மா, போலாம்னான். நீ போயிட்டா டீம் தோத்துடும்டா, ஆடி முடிச்சிட்டு வான்னு சொன்னேன். உங்க பேச்சையா கேட்டான் அவன்? என் பேச்சைக் கேட்டுத்தான் உக்காந்தான்."