கடலுக்கு மண் தூற்றினவ

கனடாவில் இருந்த மச்சான், தாய்மாமன் மகன் நிலோஜன் கேட்டது சின்ன உதவிதான். கொம்பியூட்டர் கேம் ஒன்று செய்கிறானாம். சாமிகளுக்கும் மூத்த, உலகம் உண்டாக முந்தியே இருந்த ஆதி ஆவிகள் அதில் வரவேணுமாம். "நம்மட ஊர்ப் பழங்கதை இருந்தா எழுதி அனுப்பு மச்சாள்" என்றான். சண்டை முடிந்து அடுத்த வருஷம் அது. நாவற்குடாவில் நிருஷாவுக்கு வேலைவெட்டி ஒன்றும் இல்லை, பழங்கதையும் ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் மானம் என்னத்துக்கு ஆகும்? தெருவை எட்டிப் பார்த்தாள்.

சைக்கிளில் மீன் விற்கும் நல்லரத்தினம் தொண்டை கிழியக் கூவிக்கொண்டு போனார். அவரைப் பிடித்து உலகத்தின் முதல் சத்தமாக்கினாள். அவர் கூவித்தான் ஆதி இருட்டு எழும்பி ஓடினதாம். சந்தியில் எந்நேரமும் படுத்துக் கிடக்கும் கட்டாக்காலி மாடு பூமியைத் தாங்கும் ஆவியானது. அது எழும்பினால் உலகம் கவிழும், அதனால்தான் பஸ்காரனும் வளைத்துக்கொண்டு போகிறான். கை ஊறிப்போச்சு பிள்ளைக்கு. கடைசி ஆவிக்கு ஆள் தேடி வெளியே போகவும் வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தா, பெரியம்மா சின்னத்தங்கம்.

தாய் தகப்பனைச் சண்டை தின்ற பிறகு நிருஷாவை வளர்த்தவ அவதான். ஏச வாயெடுத்தால் முருங்கையில் காகம் குந்தாது. அப்படிப்பட்ட மனுசி, சுனாமி தன் ஒரே மகள் அன்னப்பூரணியைக் கொண்டுபோன பிறகு மாதக்கணக்காய் வாயே திறக்கவில்லை. பிள்ளையின் உடலும் கிடைக்கவில்லை. ஏச்சுச் சத்தம் இல்லாத அந்த வீட்டை நினைத்தால் நிருஷாவுக்கு இப்பவும் பயம்.

பிறகு ஒரு நாள் விடிய எழும்பிக் கடற்கரைக்குப் போனா பெரியம்மா. ஒரு பிடி மண்ணை அள்ளிக் கடலின் மூஞ்சியில் எறிந்தா. "நாசமறுவாய், வத்திப் போவாய்" என்று ஏசினா. வாய் திறந்தது அன்றைக்குத்தான். அன்றிலிருந்து ஒரு காலையும் தவறவில்லை. ஆகாத ஆளுக்கு மண் அள்ளித் தூற்றுகிறவர்கள் ஊரில் நிறையப்பேர். கடலுக்கே தூற்றினவ இவ ஒருத்திதான்.

அதை அப்படியே எழுதிவிட்டாள் நிருஷா. கடலுக்கும் மூத்தவள், வெற்றிலைப் பல்லுக்காரி, ஏசி ஏசியே அலையை அடக்குகிறவள். போகிற போக்கில் மூக்கையும் கொஞ்சம் நீட்டிவிட்டாள்.

லீவுக்கு வந்த ஒருவரிடம் கேமை ஏற்றிய லப்டொப்பைக் கொடுத்து அனுப்பினான் நிலோஜன். பெரியம்மாவுக்கு மறைத்துத்தான் வைத்தாள். ஆனால் நல்லரத்தினத்துக்குக் காட்டாமல் இருக்க முடியவில்லை. மனுசன் அன்றோடு மீனைக் கூவுவதை விட்டுவிட்டுத் தன்னைக் கூவத் தொடங்கினார்.

"உலகத்திட முதல் சத்தம் வந்திருக்கு. சூடை மீனும் இருக்கு."

"என்னகா, உனக்கு விசரா?" என்று சட்டியோடு வந்தா பெரியம்மா.

"நீங்களும் அதுக்குள்ள இருக்கிறீங்க அக்கா. மண்ணும் கையுமா."

பெரியம்மா மீன் வாங்கவில்லை. உள்ளே வந்து கதிரையில் இருந்தா. "காட்டு புள்ள."

நிருஷா லப்டொப்பை எடுத்துவந்து திறந்து வைத்தாள். ஏச்சு விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம். அவவின் துக்கத்தை எடுத்து விளையாட்டாக்கியதற்கு மனுசி திரும்பவும் வாயை மூடிக்கொண்டால் என்ன செய்வது?

திரையில் பனை உயரத்துக்கு எழும்பி நின்றாள் ஆவி. குனிந்து மண்ணை அள்ளிக் கடலுக்கு எறிந்தாள். கைக்குழந்தையாய்க் கனடா போன நிலோஜனுக்கு மண் தூற்றுவது சாபம் என்று எங்கே தெரியப்போகுது? ஏதோ படைப்பு வேலை என்று நினைத்துவிட்டான். மண் விழுந்த இடமெல்லாம் கடல் ஒதுங்கிக்கொண்டது, வெள்ளை மணல் திட்டி எழும்பி வந்தது.

பெரியம்மா பார்த்தபடியே இருந்தா. திட்டிக்கு மேல் திட்டி வந்தது, அவவிடம் இருந்து ஒரு சொல் வரவில்லை.

"ஏசுங்களன் பெரியம்மா" என்றாள் நிருஷா. அழுகை வந்துவிட்டது.

"அந்த மூக்கு ஆருட மூக்கு?"

நிருஷா திரையில் அந்த மூக்கை விரலால் மறைத்தாள்.

"இடக்கையால ஆரும் மண் அள்ளுவாங்களா? என்ட தம்பி ஒரு மோடனைப் பெத்து வச்சிருக்கான். நீ அதுக்கு எடுபிடி. குமர்ப்புள்ள செய்யிற வேலையா இது, அறுதலி..." முருங்கையில் இருந்த காகம் பறந்தது. நிருஷாவுக்கு உயிர் வந்தது. இவ்வளவு இனிமையான ஏச்சை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை.

ஏசி முடித்து மூச்சு வாங்கினா பெரியம்மா. மறுகா திரைக்குக் கிட்டக் குனிந்தா.

"அந்தத் திட்டியில ஆரும் இல்லயா?"

"இல்ல பெரியம்மா. வெறும் மணல்தான்."

"அன்னத்தக் கொண்டந்து நிப்பாட்டச் சொல்லு அவனிட்ட."

"ஓம், சொல்றன்."

"நனைஞ்ச உடுப்போட நிப்பாட்ட வேணாம்" என்றா. "அவளுக்குத் தடிமன் பிடிச்சா லேசில விடாது."