ஹில்டாவின் நிலவறை

எங்கள் ஸ்கெல்பியில் 'அட்ஜர்ன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். பேச்சை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைப்பது ஒன்று. எழுந்து ஹில்டாவின் மதுக்கடைக்குப் போவது மற்றொன்று. ஊராட்சித் தலைவர் நார்மன் அதைச் சொன்னால் இரண்டும் ஒரே மூச்சில் நடக்கும்.

கடை கடலோரக் களிமண் குன்றின் விளிம்பில் இருந்தது. குளிர்காலந்தோறும் கடல் குன்றைக் கடித்துத் தின்றது. கடைக்குப் பின்னாலிருந்த தோட்டம் ஏற்கெனவே போய்விட்டது.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு ஹில்டாவே வந்தாள். நனைந்த மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நிலவறைத் தரை வெடிச்சிருக்கு நார்மன். கையே நுழையுது. கடைய மூடச் சொல்லி நீங்க உத்தரவு போட்டாத்தான் சர்க்கார்ல எனக்கு வேற வீடு தருவாங்க."

"உன் கடையில வெடிப்பு என்ன புதுசா? உங்கப்பா காலத்துலேர்ந்தே இருக்கே!"

உறுப்பினர்கள் எல்லோரும் சிரித்தோம்.

"நல்லாச் சிரிங்க. வெடிப்புக்குள்ள அலைச்சத்தம் கேக்குது."

சிரிப்பு நின்றது. நார்மன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரிய விஷயம். எஞ்சினியர் வந்து பாக்கட்டும். மார்ச்சுக்கு அட்ஜர்ன்."

கை தூக்கினோம். பிறகு வழக்கம்போல் அவள் கடைக்கே நடந்தோம். காற்று ஆளைத் தள்ளியது. ஹில்டா முந்திப்போய்க் கதவைத் திறந்தாள்.

"வாங்க துரைமாரே! தள்ளிவெச்சுத் தள்ளிவெச்சுக் கை வலிக்கும். குடிங்க."

முதல் சுற்றிலேயே பீப்பாய் தீர்ந்துவிட்டது. புதியதை மாட்ட அவள் நிலவறைக்கு இறங்கினாள்.

"பாத்துப் போ, ஹில்டா," என்றார் நார்மன். அப்போது அவர் குரலில் கேலி இல்லை.

முதலில் கூரையிலிருந்து தொங்கிய விளக்குகள் ஆடின. மேசைமேல் கோப்பைகள், யாரும் தொடாமலே, கடல் பக்கமாக நகர்ந்தன. நாங்கள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே கனத்த மூட்டையை யாரோ இறக்கிவைத்தது போல ஒரு சத்தம்.

நார்மன் ஓடிப்போய் நிலவறைக் கதவைத் திறந்தார். மேல்படிகள் சில இருந்தன. அவற்றுக்குக் கீழே சாம்பல் நிறக் கடல் புரண்டது.

"ஹில்டா! ஏ ஹில்டா!"

இறங்கப் போனவரை நானும் இன்னொருவரும் இடுப்பைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தோம். நாங்கள் சாலையை எட்டியபோது பின்சுவர் போய்விட்டது.

மறுநாள் மீட்புப் படகில் அவள் உடல் வந்தது. அன்றே நார்மன், யாரையும் கேட்காமல், கடைக்குப் போகும் பாதையை அடைத்துப் பலகைகளை அறைந்தார். ஆணிகள் வளைந்தன. பிடுங்கி மறுபடி அறைந்தார். உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. நாங்களும் பக்கத்தில் போகவில்லை.