மச்சானின் நாலு கட்டை டார்ச்

கூபர் பீடியில் நிறம் மின்னும் ஓபல் கல் தோண்டுகிறவர்களில் என் மச்சான் தனாஸிஸைப் போல ஒரு பிடிவாதக்காரரைப் பார்க்க முடியாது. அக்கா புருஷன் என்பதால் பொறுத்துக்கொண்டேன். ஊரே எல்இடிக்கு மாறிக்கொண்டிருந்தபோதும் அவர் நாலு கட்டை டார்ச்சோடுதான் குழிக்குள் இறங்குவார். கீழே விழுந்தால் பல்பு போய்விடும். மதியச் சாப்பாட்டுக்குள் வெளிச்சம் சோர்ந்துவிடும். என் தலையில் மாட்டிய எல்இடியோ உள்ளங்கையில் அடங்கும், நாள் முழுக்க அசராது, இரண்டு கையும் வேலைக்கு மிச்சம். அதன்மேல் எனக்கு அப்படியொரு பிரியம்.

"அந்த வெள்ள வெளிச்சம் ஆள ஏமாத்தும்டா பன்டெலி. கல்லுல செவப்பு பாக்க இதான் லைட்டு," என்பார். சிவப்பைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

"அப்ப அக்காவுக்குப் பதிலா இதையே கட்டியிருக்கலாம்."

"எதுத்துப் பேசாது. யோசிச்சிருக்கணும்."

நான் மண் அள்ளுகிறவன். சுவரில் கல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் உரிமை, என்னைக் கிட்டவே விடமாட்டார். வெறும் சாம்பல் கல்லாகவே வந்ததில் மனம் விட்டுப்போய், அடிலெய்டில் தம்பியின் மீன் கடைக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்தார். குழி எங்களுடையது என்று காட்டும் எல்லை முளைகளை நாங்கள் பிடுங்கியதும் தன்னுடையதை அடிக்க, பக்கத்துக் குழிக்கார நெனாட் வண்டியில் காத்திருந்தான். நாலில் மூன்றைப் பிடுங்கியாயிற்று. மறந்துபோன சம்மட்டியை எடுக்க மச்சானும் நானும் கீழே இறங்கினோம்.

அங்கே டார்ச் அணைந்தது. தொடையில் தட்டிப் பார்த்தார், எரியவில்லை.

"அந்தக் கருமத்தக் குடு."

என் விளக்கை மாட்டிக்கொண்டு தேடியவர் சுவர் முன்னால் நின்றுவிட்டார். ஒன்றுக்கும் ஆகாது என்று அவரே ஒதுக்கிய சாம்பல் வரி. எச்சில் தொட்டுத் தடவினார். மயில் கழுத்து நீலம். தலையை அசைத்தால் பச்சை ஓடியது. இத்தனை நாளும் டார்ச்சின் மஞ்சள் வெளிச்சம் அதை விழுங்கியிருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மேல போய் வாயத் தொறக்காத," என்றார் மச்சான்.

எங்கள் பக்கம் கல் கிடைத்தவன், அடுத்தவன் மோப்பம் பிடித்துவிடாமலிருக்க, சாவு வீட்டுக்குப் போய்வந்த முகத்தோடுதான் மேலே வருவான். மச்சானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூன்று முளைகளையும் திரும்ப அடித்தார். நெனாட் வண்டியிலிருந்து இறங்கி வந்தான்.

"என்ன, போகலியா?"

"பொண்டாட்டி அடிலெய்டு வேணாங்குறா. என்ன பண்றது?"

நெனாட் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நெற்றியைப் பார்த்தான். ஊர் முழுக்க எல்இடியைத் திட்டித் தீர்த்தவர் தலையில், உச்சி வெயிலில், என் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவன் இடுப்பில் செருகியிருந்த தன் பழைய டார்ச்சை வண்டிக்குள் விட்டெறிந்தான்.

"பன்டெலி, அத எந்தக் கடைல வாங்குன?"