கறுக்காத அத்தி

எங்கள் வீட்டுக் கொல்லையில் வெயில் ஒரே ஒரு மூலையில்தான் விழும். அந்த மூலைக்காக நானும் அக்காவும் இரண்டு வருஷம் மல்லுக்கட்டினோம்.

கீழ்வீடு அக்காவுக்கு, மாடி எனக்கு. அப்பா போன பிறகு அப்படிப் பிரித்துக்கொண்டோம். கொல்லைப்புறம் மட்டும் பொது. அதில் ஒரு பக்கம் கழிவுநீர்க் குழாய் ஓடுகிறது, இன்னொரு பக்கம் தண்ணீர்த் தொட்டி. சீமை அத்தியின் வேர் ஈரம் எங்கே என்று மோப்பம் பிடித்துக்கொண்டு போகும். குழாய்ப் பக்கம் வைத்தால் குழாயையே பிளந்துவிடும். மிச்சம் இருந்தது அந்த வெயில் மூலை. அங்கே ஒரு மரம் நிற்கலாம், இரண்டு நிற்க முடியாது. எங்களிடம் இருந்தது இரண்டு அத்திச் செடிகள்.

அக்கா மருந்துக்கடை வைத்திருக்கிறாள். லேபிள் இல்லாத எதையும் கையால் தொடமாட்டாள். எந்த ரகம் பூந்தொட்டியில் அடங்கும், எது மழைக்கு வெடிக்காது, எதற்குக் கண் மூடியிருக்கும் என்று நர்சரிக்காரரைக் குடைந்து எடுத்துவிட்டாள். அத்திப்பழத்தின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதைத்தான் கண் என்கிறார்கள். அது அகலமாகத் திறந்திருந்தால் எறும்பும் மழைத்தண்ணீரும் உள்ளே போய்ப் பழம் புளித்துவிடுமாம். கடைசியில், கருநீலமாகப் பழுக்கிற ரகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தாள். லேபிளில் பழத்தின் படம் பளபளவென்று இருந்தது. அதைச் செடிக்குப் பின்னால் சுவரில் ஒட்டியும் வைத்தாள்.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். எனக்கு யோசிக்க ஏது நேரம்? ஒருநாள் கடைசி நிறுத்தத்தில், எதிர்வீட்டு அம்மா ஒருவர் மரத்தின் கிளைகளைக் கழித்துக் குச்சிகளைத் தெருவில் குவித்துக்கொண்டிருந்தார். குளிர்காலம். மரத்தில் இலையும் இல்லை, காயும் இல்லை.

"என்ன மரம்மா இது?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"சீமை அத்தி. வேணும்னா எடுத்துக்கோங்க. குச்சியை நட்டாலே பிடிச்சுக்கும். பழம் தேன் மாதிரி இருக்கும்."

அதற்குள் பின்னால் ஒரு கார்க்காரன் ஹாரனை அழுத்திக் காதைக் கிழித்தான். ஒரு குச்சியை வாங்கி டேஷ்போர்டில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். என்ன ரகம், பழம் என்ன நிறம், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் என்னை அவசரக்குடுக்கை என்று கூப்பிடுவது சும்மா இல்லை.

குச்சி பிடித்துக்கொண்டது. தொட்டியில் தளதளவென்று வளர்ந்து அக்காவின் செடியை எட்டியும் பிடித்துவிட்டது. அப்போதுதான் சண்டை ஆரம்பித்தது.

"எது முதல்ல நல்ல பழம் குடுக்குதோ அது தரையில. தோத்தது வீட்டை விட்டு வெளிய," என்றேன் நான். ஆமாம், நான்தான் சொன்னேன்.

"வெளிய எதுக்குடி? உன் பால்கனில வெயில் இருக்கே, தொட்டியோட அங்க வெச்சுக்கலாமே."

"தோத்த செடி மூஞ்சில தினமும் முழிக்க என்னால ஆகாது. என்னோடதா இருந்தாலும் சரி, உன்னோடதா இருந்தாலும் சரி."

"சரி, உன் இஷ்டம்," என்று அக்கா பேச்சை முடித்துவிட்டாள். அவள் கடைக்குப் பக்கத்துத் தையற்காரர் ஒருவர், தோற்ற செடியை வாங்கிக்கொள்ள இப்போதே தயாராக இருப்பதாகவும் சொன்னாள். எந்தச் செடி தோற்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு மூலைக்கு இத்தனை வீம்பா என்று கேட்கலாம். ஜன்னலோரப் படுக்கை அக்காவுக்கு, மிச்சப் படுக்கை எனக்கு. முதல் சைக்கிள் அவளுக்கு, அது துருப்பிடித்த பிறகு எனக்கு. வீட்டைப் பிரித்தபோதும், "நான் கீழ இருந்துக்கறேன்" என்று அவள் சொன்னாள், நான் மாடிக்கு ஏறினேன். அக்கா கெட்டவள் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை, அவ்வளவுதான். அந்த மூலையாவது எனக்கு வேண்டும் என்று இருந்தது. வேண்டும் என்றால் வேண்டும்.

நடுவராக அக்கா வீட்டுக்காரரைப் போட்டோம். மாமா லிஃப்ட் மெக்கானிக். மாடிக்கு வந்தால் என் பக்கம் பேசுவார், கீழே இறங்கினால் அக்கா பக்கம் பேசுவார். எதிலும் தீர்ப்பே சொல்லாததால் அவருக்கு நீதிபதி என்று பேர் வைத்திருந்தோம்.

இரண்டாம் வருஷக் கோடையில் இரண்டு செடியும் ஒரே வாரத்தில் காய் வைத்தன. இலைக்காம்பின் கக்கத்தில் பட்டாணி அளவுக்கு உருண்டையாக ஒன்று முளைத்திருந்ததைப் பார்த்து, பஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே படியில் குதித்து இறங்கினேன். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குத்தான் ஓட்டம். அத்திக்காய் ஒரு தினுசு. வாரக்கணக்கில் கல்லுப் பிள்ளையார் மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும், பிறகு நாலே நாளில் மளமளவென்று ஊதும்.

ஊதும் நேரத்தில் ஆசை தாங்காமல் ஒரு காயைத் திருகிப் பார்த்தேன். காம்பிலிருந்து பால் வடிந்து கை முழுக்கத் தடித்துவிட்டது. அக்கா களிம்பு போட்டுவிட்டு, "இனி தொட்டே, நானே விரலை ஒடிச்சிடுவேன். கண்ணால பாரு போதும்," என்றாள். அதிலிருந்து இரண்டு பேரும் சுவரில் இருந்த லேபிள் படத்தையும் காய்களையும் மாறி மாறிப் பார்ப்பதோடு சரி.

அக்காவின் காய்களில் முதலில் காம்பை ஒட்டிய கழுத்து சிவந்தது, பிறகு ஊதா ஏறியது. என் காய்கள் பச்சை. ஊதின பிறகும் பச்சை. கழுத்து துவண்டு தொங்கின பிறகும் அதே பச்சை. தோலில் மெல்லிய கீறல் விழுந்தது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன். காய்கள் ஒவ்வொன்றாகப் பொத்தென்று விழுந்தன. விழுந்ததில் எறும்பு மொய்த்தது.

அக்கா விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள்: "சில ரகம் இருக்காம். ஒரு குட்டிக் குளவி உள்ள போய் மகரந்தம் சேர்த்தாத்தான் பழுக்குமாம். அந்தக் குளவி இங்க கிடையாது. அதனாலதான் காயாவே கொட்டுது. லேபிள் இல்லாததை நட்டா இப்படித்தான்."

"உள்ள எப்படி இருக்குன்னு ஒண்ணைப் பிட்டுப் பார்ப்போமா?" என்று மாமா இழுத்தார்.

"அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தா அத்தனையும் புழுன்னு ஊருக்கே தெரியும். எறும்பு வேற. பெருக்கித் தள்ளுங்க," என்றாள் அக்கா.

நானே பெருக்கினேன். துடைப்பத்தால் அள்ளிக் குப்பையில் கொட்டினேன். வெள்ளிக்கிழமை நானாகவே போய், "தையற்காரரை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிடுக்கா," என்றேன். அவள் ஜெயித்த முகத்தைக் காட்டாமல் தலையை மட்டும் ஆட்டினாள். அதில்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

சனிக்கிழமை காலை. அக்கா கடைக்குப் போயிருந்தாள். எனக்கு விடுமுறை. கடைசியாகச் செடிக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றலாம் என்று இறங்கினேன். அங்கே இரண்டு மைனாக்கள், அக்காவின் செடிமேல் போட்ட வலைக்குள் புகுந்துகொண்டு, நாளைக்குப் பறிக்க வைத்திருந்த கருநீலப் பழங்களைக் குடைந்துகொண்டிருந்தன. வலையின் ஓரத்தை மாமா சரியாகக் கட்டவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் மனசுக்குள் குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவின் செடியை நான் திட்டுவேன், அது எங்கள் வீட்டு விஷயம். இந்த மைனாவுக்கு என்ன கொழுப்பு? கல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. பக்கத்தில் என் உருப்படாத செடி நின்றது. ஒரு பச்சைக்காயை வெடுக்கென்று பறித்துக் குறிபார்த்து வீசினேன்.

மைனா பறந்துவிட்டது. காய் சுவரில் லேபிள் மேலேயே போய் அடித்தது.

காய் என்றால் பட்டுத் தெறித்து உருண்டிருக்க வேண்டும். இது சொத்தென்று அப்பிக்கொண்டது. லேபிள் படத்தின் மேல் ரத்தச் சிவப்பாக ஏதோ வழிந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். உள்ளே முழுக்கச் சிவப்புச் சதை, பொடிப்பொடியாய் விதை, பாகு மாதிரி ஒரு பிசுபிசுப்பு. புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. சுவர் என்றுகூடப் பார்க்காமல் விரலால் வழித்து வாயில் வைத்தேன்.

அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். தேன் மாதிரி இருக்கும் என்று அந்த அம்மா சொன்னது சும்மா பேச்சுக்கு இல்லை. தேனேதான். பச்சை நிறத்திலேயே பழுக்கிற ரகம். எப்போது கறுக்கும் எப்போது கறுக்கும் என்று காத்திருந்து, பழுத்ததையெல்லாம் நானே துடைப்பத்தால் கூட்டிக் குப்பையில் கொட்டியிருக்கிறேன்.

கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். மேலே இருந்ததெல்லாம் கல். கழுத்து தொங்கி மெத்தென்று இருந்தவை மூன்றே மூன்று. மூன்றையும் பறித்துக்கொண்டு நீதிபதியை எழுப்பப் போனேன்.

"காயைத் திங்கச் சொல்றியா?" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்ட மாமா, ஒன்றை வாயில் போட்டதும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தீர்ப்பு சொல்லுங்க மாமா."

"இன்னொண்ணு குடு, சொல்றேன்."

இரண்டாவதையும் தின்றுவிட்டு, "அப்பீல் இருக்கான்னு பார்க்கணும்," என்று மூன்றாவதற்குக் கை நீட்டினார். கையைத் தட்டிவிட்டேன். அது அக்காவுக்கு. சாயங்காலம் வரை காத்திருக்க எனக்கு ஆகாது. பழத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நடந்தேனோ ஓடினேனோ, மருந்துக்கடை வாசலில் மூச்சிரைக்க நின்றேன்.

கடையில் கூட்டம். அக்கா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "என்னடி ஆச்சு? வீட்டுல யாருக்கு என்ன?" என்றாள்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. இதைத் தின்னு."

"அது காய்டி. பால் அரிக்கும். ஏற்கெனவே பட்டது போதாதா?"

"தின்னுக்கா. என்னை ஒரு தடவை நம்பு."

என் குரலில் என்ன இருந்ததோ, மாத்திரை அட்டை வெட்டுகிற கத்தரிக்கோலைத் துடைத்துவிட்டுப் பழத்தை இரண்டாக வெட்டினாள். உள்ளே இருந்த சிவப்பைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பாதியை வாயில் வைத்தாள். மென்றாள். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எனக்கு என்று நான் நினைத்திருந்த மறுபாதியையும் எடுத்துத் தின்றாள்.

"அம்மா, என் இருமல் மருந்து," என்றார் வரிசையில் முதலில் நின்றவர்.

"ஒரு நிமிஷம் இருங்க," என்றாள் அக்கா. பிறகு என்னிடம், "அப்போ நாம குப்பையில கொட்டினது?"

"எல்லாம் இதுதான்."

"அடக் கடவுளே."

"அப்புறம்... உன் பழத்தை மைனா தின்னுடுச்சு. விரட்டினேன். ஆனா லேட்டு."

"உன்னோடதை அது தொடலையா?"

"அதுவும் நம்ம ஜாடைதான். கறுக்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்கு."

அக்கா சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் கொஞ்சம் வாடியது. "சரி, உன்னோடதைக் குழியில இறக்கிடு. என் செடியைத் தையற்காரர் எடுத்துக்கட்டும். பேச்சுன்னா பேச்சுதானே," என்றாள். நான் எத்தனை நாளாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். வந்தபோது அது இனிக்கவில்லை.

இருமல் மருந்தை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, அவள் என் பக்கம் குனிந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"குளிர்காலத்துல கழிக்கும்போது, எனக்கு ஒரு குச்சி தருவியா?"

என் அக்கா என்னிடம் கேட்டாள். பிறந்ததிலிருந்து எடுத்துக்கொண்டே பழகினவள், தருவியா என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அத்தனை பேர் முன்னால்.

"ரெண்டா தர்றேன்," என்றேன். "தையற்காரருக்கும் ஒண்ணு தர்றேன். உன் செடி எங்கயும் போகாது. தொட்டியோட என் பால்கனிக்கு வரட்டும்."

"அதோட மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொன்னே."

"சொன்னேன். ஆனா தண்ணி நீதான் வந்து ஊத்தணும். நான் ஊத்த மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை நானும் மாமாவும் வெயில் மூலையில் குழி வெட்டினோம், பிறகு அக்காவின் தொட்டியைப் படியில் இழுத்து ஏற்றினோம். மாமா, வீட்டுக்கு ஒரு லிஃப்ட் போட்டிருக்கலாம் என்று முனகிக்கொண்டே வந்தார். அக்கா என் மாடிக்கு வருவது அத்தி பூத்த மாதிரிதான், அந்தப் படிகளை அவள் ஏறி வருஷக்கணக்காகியிருக்கும். திங்கட்கிழமை காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. கையில் செம்புத் தண்ணீரோடு அக்கா நின்றாள்.

"உள்ள வரலாமா?" என்று கேட்டாள்.