செங்கல் பாதையை மண்பாதை ஆக்கியவர்

ஜூலை மாதச் சனிக்கிழமை. தீவுக்குப் போகும் கப்பலைப் பிடிக்க ஓடும் கார்கள் நெடுஞ்சாலையை விட்டுவிட்டு ஓக்கோ வீட்டுக் குறுகிய செங்கல் பாதையில் புகுந்துகொண்டிருந்தன. வேலியோரம் நின்ற அண்டை வீட்டு டொம்மாவின் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏம்ப்பா ஓக்கோ, நீ எழுதுற வரைபடத்தப் பாத்துத்தானே இவனுங்க வர்றானுங்க? என் பூனைய அடிச்சுட்டுப் போயிட்டான் ஒருத்தன். பத்து வருஷமா ஓசியில வரையிறியே, இதுக்குத்தானா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் கூலி வாங்காமல் கூடி எழுதுகிற பொது வரைபடம் அது. ஒவ்வொரு சாலைக்கும் தரை என்ன, அகலம் எவ்வளவு, எந்த வண்டி போகலாம் என்று எழுத வேண்டும். வண்டிகளில் வழி சொல்லும் கருவிகள் அதை நகலெடுத்து வைத்துக்கொள்கின்றன. டிராக்டர் பழுது பார்த்து ஓய்வுபெற்ற ஓக்கோ அந்த வட்டாரம் முழுக்க நாடா பிடித்து அளந்து எழுதியவர்.

அன்று அவர் தன் வீட்டுப் பாதைக்குச் 'செங்கல்' என்றிருந்ததை 'மண்' என்று மாற்றினார். மூன்றரை மீட்டர் அகலத்தை இரண்டாக்கினார்.

தெற்கே எங்கோ இருக்கும் வெரேனா என்ற பெண், அவளும் வரைபடம் எழுதுகிறவள், அந்தத் திருத்தத்தின் கீழே எழுதிக் கேட்டாள்: "வானத்துலேர்ந்து எடுத்த படத்துல செங்கல் மாதிரி தெரியுதே, ஐயா?"

"நான் இங்கயே குடியிருக்கேன்மா."

அதோடு பேச்சு முடிந்தது. வானத்துப் படத்தைப் பார்ப்பவரைவிட அங்கேயே வாழ்பவரின் சொல்லைத்தான் அவர்கள் நம்புவார்கள்.

அடுத்த மாதம் கார்கள் குறைந்தன. டொம்மா பிளம்ஸ் கேக் கொண்டுவந்தாள். ஓக்கோவின் மனைவி கெஷே சிரித்தாள். "பொய்ய எழுதிட்டுக் கேக் திங்கிறியா? வெக்கமா இல்ல? எனக்கு ரெண்டு துண்டு வை."

செப்டம்பரில் ஒரு காலை, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கெஷேயின் கையிலிருந்து கோப்பை நழுவியது. வாய் ஒரு பக்கமாகக் கோணிற்று. பேச்சு குழறியது. உள்ளூர் ஆம்புலன்ஸ் வேறெங்கோ போயிருந்ததால் அடுத்த ஊரிலிருந்து வண்டி கிளம்பியது.

"கால்வாய்ப் பாலம் வழியா சுத்தி வர்றாங்க," என்றான் ஆம்புலன்ஸ் நிலையத்திலிருந்து போனில் பேசியவன்.

"ஏன்யா சுத்தணும்? நேரா வரச் சொல்லு!"

"உங்க பாதை மண்ணு, ரெண்டு மீட்டர்தான்னு காட்டுதே. வண்டி சிக்கிக்கும்."

"அது பொய்யி! நான்தான் எழுதினேன்!"

வண்டி எங்கே இருக்கிறது என்று அவன் பார்த்தான். "பாலத்தத் தாண்டிட்டாங்க. இனி திரும்பினாலும் அதே நேரந்தான். உங்க மனைவிய விட்டு நகராதீங்க."

ஓக்கோ ஒரு கையால் மனைவியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வரைபடத்தில் 'செங்கல்' என்று திருத்தினார். அரை நிமிட வேலை. ஆனால் வண்டியில் இருந்ததோ போன மாத நகல். இருபத்திரண்டு நிமிடம் கழித்துத்தான் வண்டி வந்தது.

கெஷே பிழைத்தாள். பேச்சு திரும்பவில்லை.

அடுத்த ஜூனில் டொம்மா வந்தாள். "கார் வர ஆரம்பிச்சிருச்சு. மறுபடி மண்ணுன்னு போட்டுடேன்."

"இவளப் பாத்துமா கேக்குற?"

டொம்மா தலை குனிந்தாள். ஆனாலும் விடவில்லை. "எல்லாருக்கும் அப்படியா ஆயிடும்? நீ எழுதலேன்னா என் மருமகன் எழுதுவான். யார் வேணா எழுதலாமாமே."

மறுநாள் வரைபடத்தில் பாதை 'மண்' ஆகியிருந்தது. ஓக்கோ திருத்தினார். மாலையில் மறுபடி 'மண்'. வெரேனா எழுதியிருந்தாள்: "ரெண்டு பேரும் அதே தெருவுல இருக்கோம்னு சொல்றீங்க. போன வருஷம் நீங்களே மண்ணுன்னீங்க, ஐயா. நான் யாரை நம்புறது?"

கெஷே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, ஓக்கோ ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

"கேக்க வேண்டிய கேள்விதான்மா. எல்லாரும் நம்புற இடத்துல என் வசதிக்கு ஒரு பொய்ய எழுதினேன். காரை நிறுத்தத்தான் எழுதினேன். பொய்க்கு எந்த வண்டின்னு பார்க்கத் தெரியாது. என் பெண்டாட்டிக்கு வந்த ஆம்புலன்ஸையும் நிறுத்திடுச்சு. பொதுவுல எழுதுறவன் உள்ளதைத்தான் எழுதணும். இல்லேன்னா, அப்புறம் நிஜத்தைச் சொன்னாலும் நம்ப ஆள் இருக்காது."

அனுப்பினார். பதில் வரவில்லை. திரையில் அவர் வீட்டுப் பாதை 'மண்' என்றே இருந்தது.